"சோதினைக்கு வராது" என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்: கொழும்பின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் என் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய வகுப்பு இல்லை. பதினான்கு பேர், ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மின்விசிறி. உங்களிடம் பகலில் படிக்கிற பிள்ளைகள்தான் மாலையில் என்னிடம் வருகிறார்கள், அதனால் உங்களை நேரில் பார்த்ததில்லை என்றாலும் அவர்களுடைய கொப்பிகள் வழியாக உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு பாடுபட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றும் தெரியும். இந்த மடல் யாரையும் குற்றம் சொல்ல எழுதியது இல்லை. ஒரு விஷயம் இரண்டு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது, அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

தரம் 11 இல் படிக்கிற ஒரு மாணவி. அப்பா புறக்கோட்டையில் மொத்தக் கடையொன்றில் வேலை. பாடசாலையில் ஏதோ பேச்சுவாக்கில் "பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது" என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார், இவள் எழுந்து, "மிஸ், எல்லாம் விரிஞ்சுகொண்டு போகுதெண்டா கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில இருக்கிற தூரமும் கூடுமா?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பு சிரித்திருக்கிறது. "அதெல்லாம் சோதினைக்கு வராது, இருங்கோ" என்று பதில் வந்திருக்கிறது. எந்தப் பாடசாலை, எந்த ஆசிரியர் என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் இதே வார்த்தையை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவள் இதை என்னிடம் சொல்லும்போது கொப்பியின் மூலையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். அந்த மூலை கிழிந்தே போனது.

அவள் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை. பிரபஞ்ச விரிவு பற்றி ஒருவர் கேட்கக்கூடிய முதல் நல்ல கேள்வியே அதுதான்.

அடுத்த வகுப்புக்கு முன் கெய்சர் வீதிக்குப் போய், தையல் சாமான் விற்கிற ஒரு சின்னக் கடையில் பாவாடைக்குப் போடுகிற லாஸ்டிக் இரண்டு மீற்றர் வாங்கினேன். வெள்ளை, அரை அங்குல அகலம். அதில் ஒரு மீற்றர் நீளத்துக்கு 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாக நீலப் பேனையால் போட்டேன். ஒரு பையன் ஒரு நுனியை மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவன் இழுத்தான். ஒரு மீற்றர் ஒன்றரை மீற்றர் ஆகும்வரை இழுக்கச் சொல்லி, மற்றப் பிள்ளைகளை அடிமட்டத்தால் அளக்க விட்டேன். முதல் கோடு 10 இல் இருந்து 15 க்குப் போயிருந்தது, அதாவது 5 நகர்ந்திருந்தது. ஐந்தாவது கோடு 50 இல் இருந்து 75 க்கு. பத்தாவது கோடு ஒரேயடியாக 50 சென்ரிமீற்றர் நகர்ந்திருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது வேகமாகப் போயிருக்கிறது. நான் ஒன்றுமே சொல்லவில்லை, அளந்த பிள்ளைகளே சொன்னார்கள். பிறகு நாலாவது கோட்டை "எங்கட வீடு" என்று வைத்துக்கொண்டு மறுபடி அளக்கச் சொன்னேன். அங்கிருந்து பார்த்தாலும் அதே கதைதான், இரண்டு பக்கமும் எல்லாம் விலகிப் போகிறது, தூரத்தில் உள்ளது வேகமாகப் போகிறது. நடு என்று ஒன்று இல்லை என்பதை நான் வாயால் பத்து வருடம் சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் அது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அப்புறம் அவளுடைய கேள்விக்கு வந்தோம். லாஸ்டிக்கில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து நடுவில் ஒரே ஒரு தையல் போட்டுவிட்டேன். பொத்தானின் ஒரு ஓரம் கொழும்பு, மற்ற ஓரம் யாழ்ப்பாணம். இப்போது இழு. லாஸ்டிக் நீண்டது, பொத்தான் நீளவில்லை. பூமியை அணுக்களுக்கிடையிலான விசையும் ஈர்ப்பும் பிடித்து வைத்திருக்கின்றன, சூரிய குடும்பத்தை ஈர்ப்பு பிடித்து வைத்திருக்கிறது, நம்முடைய பால்வீதி முழுவதுமே ஒரு பொத்தான்தான். பக்கத்து வீடான அன்ட்ரொமீடா என்ற கலக்சிகூட (கலக்சி என்றால் பால்வீதி போன்ற நட்சத்திரப் பெருங்கூட்டம்) விலகிப் போகவில்லை, 25 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருந்துகொண்டு நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. 1912 இல் அமெரிக்காவின் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் முதன்முதலாக அளந்தது அதைத்தான். நீல நகர்வு, அதாவது கிட்ட வருகிற பொருளின் ஒளி நீலப் பக்கம் நகர்வது, செக்கனுக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். அதற்குப் பிறகு அவர் அளந்தவற்றில் பெரும்பாலானவை சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன, அதாவது விலகிப் போகின்றன. விரிவு என்பது கலக்சிக் கூட்டங்களுக்கு இடையே உள்ள பெரும் வெளியில்தான் தெரியும்.

"அப்ப யாழ்ப்பாணம் பஸ் டிக்கட் கூடினா அதுக்குக் காரணம் வேற" என்றான் ஒருவன். அதற்கும் வகுப்பு சிரித்தது, ஆனால் இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள்.

நான் சொல்ல வருவது இதுதான். இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையான சாமான் எல்லாம் நம் பாடத்திட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரையோரம் புகையிரதம் கூவிக்கொண்டு கடந்து போகும்போது சத்தம் தடிக்கிறதே, அந்தத் தொப்ளர் விளைவை உயர்தரத்தில் படிப்பிக்கிறீர்கள். விரிகிற வெளியில் ஒளியின் அலைநீளம் வழியிலேயே நீள்வது தொப்ளர் விளைவே இல்லைதான், ஆனால் அதைப் புரிந்துகொள்ள நல்ல வாசல் அது. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும். இந்த இரண்டையும் வைத்துத்தான் மனிதர்கள் பிரபஞ்சம் விரிவதைக் கண்டுபிடித்தார்கள். நிறமாலையில் இருந்து வேகம், மங்கலில் இருந்து தூரம். தூரத்தை அளக்க வழி காட்டியது ஹென்றியெட்டா லெவிட். ஒருவகை நட்சத்திரம் துடிக்கிற கால அளவுக்கும் அதன் உண்மைப் பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பை 1912 இல் அவர் வெளியிட்டார். அதை வைத்துத்தான் எட்வின் ஹபிள் 1929 இல் வேகமும் தூரமும் சேர்ந்தே கூடுகின்றன என்று காட்டினார், அதற்கு இரண்டு வருடம் முன்பே பெல்ஜியப் பாதிரியார் ஜோர்ஜ் லெமெய்த்ர் அதையே சமன்பாடுகளில் இருந்து எடுத்திருந்தார். 2018 இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வாக்கெடுத்து அந்த விதிக்கு இரண்டு பேரின் பெயரையும் வைக்கப் பரிந்துரைத்தது.

இதில் பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது ஹபிளின் தவறை. ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கும் செக்கனுக்கு சுமார் 500 கிலோமீற்றர் என்று அவருக்கு வந்தது. இன்றைக்கு அது 70 க்கு அண்மையில். ஏழு மடங்கு பிழை! அந்தக் கணக்கை அப்படியே எடுத்தால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டு, பூமியின் பாறைகள் அதைவிடக் கிழடு. அதற்காக யாரும் அவரைத் தூக்கி எறியவில்லை, அடுத்து வந்தவர்கள் அளவீட்டைத் திருத்தினார்கள். செய்முறைப் பரீட்சையில் வழு கூடிவிட்டது என்று கண் கலங்குகிற பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

சரி, இனி கருஞ்சக்தி.

இதை எப்படிச் சொல்வது என்று நான் நிறைய நாள் யோசித்தேன். கடைசியில் காலிமுகத்திடல்தான் கைகொடுத்தது. இரவில் அங்கே நின்று கடலைப் பார்த்தால் துறைமுகத்துக்குள் வர முறை பார்த்து நிற்கிற கப்பல்களின் விளக்குகள் தெரியுமே, அவை எல்லாவற்றிலும் ஒரே வலுவுள்ள மின்குமிழ்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எந்த விளக்கு மங்கலாகத் தெரிகிறதோ அந்தக் கப்பல் தூரத்தில் நிற்கிறது என்று கரையில் இருந்தே சொல்லிவிடலாம். வானத்தில் அப்படி ஒரே வலுவுள்ள விளக்குக்குக் கிட்டத்தட்ட வருவது 1ஏ வகைச் சுப்பர்நோவா. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குள்ளன் நட்சத்திரம் ஒன்று பக்கத்து நட்சத்திரத்தால் தூண்டப்பட்டு வெடிப்பது. வெண்குள்ளன் ஒன்று சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு திணிவுக்கு மேல் தாங்காது என்ற கணக்கு சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. 1930 இல், பத்தொன்பது வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயில் இருந்து கப்பலில் போகும்போது அதன் தொடக்கக் கணக்கைப் போட்டார். தமிழ் வீட்டுப் பிள்ளை. இதைச் சொன்னதும் என் வகுப்பில் பின் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. (எல்லாச் சுப்பர்நோவாவும் ஒரே பிரகாசம் இல்லை, கூடப் பிரகாசமானது மெதுவாக மங்கும், அதை வைத்துத் திருத்திக்கொள்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால் இதையும் சொல்லிவிடுங்கள்.)

1990 களில் இரண்டு குழுக்கள் இந்த விளக்குகளைத் தேடிப் போயின. ஒன்று சோல் பெர்ல்மட்டருடையது, மற்றது பிரையன் ஷ்மிட்டுடையது, அதில் அடம் ரீஸ் முக்கியமானவர். அவர்கள் தேடியது வேறொன்று. பிரபஞ்சத்தில் உள்ள பொருளெல்லாம் ஒன்றையொன்று இழுப்பதால் விரிவு நாளாக நாளாகத் தளர வேண்டும், எவ்வளவு தளர்கிறது என்று அளப்பதுதான் வேலை. 1998 இல் இரண்டு குழுவுக்கும் தலைகீழான விடை கிடைத்தது. சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த அந்தச் சுப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கல். அதாவது கணக்கில் வரவேண்டிய தூரத்தைவிட 10 முதல் 15 சதவீதம் தள்ளி நிற்கின்றன. விரிவு தளரவில்லை, வேகம் கூடியிருக்கிறது. அப்படிக் கூட்டுவது எதுவோ, அதற்கு வைத்த பெயர்தான் கருஞ்சக்தி. மூவருக்கும் 2011 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு பிள்ளை, "கடல்ல பனிப்புகார் எண்டா விளக்கு மங்கலாத்தானே தெரியும்?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பாடத்தை மறுபடி நடத்தலாம். விஞ்ஞானிகளும் அதையே கேட்டார்கள். நடுவில் தூசி இருந்து மறைக்கிறதா? தூசி என்றால் ஒளியைச் சிவப்பாக்கும், மாலைச் சூரியனைப் போல. அப்படிப் போதிய அளவு சிவப்பாகவில்லை. சிவப்பாக்காத ஏதோ ஒரு தூசி இருந்தாலும், இன்னும் தூரத்தில் உள்ளவை இன்னும் மங்க வேண்டும். ஹபிள் விண்தொலைநோக்கியால் மிகத் தூரத்துச் சுப்பர்நோவாக்களைப் பார்த்து 2004 இல் வெளியிட்ட முடிவில் அப்படி இல்லை. அந்தப் பழைய காலத்தில் விரிவு உண்மையிலேயே தளர்ந்துகொண்டுதான் இருந்தது, பிறகு 500, 600 கோடி ஆண்டுகளுக்கு முன்தான் வேகம் எடுக்கத் தொடங்கியது என்று காட்டியது. பிறகு பிரபஞ்சம் குழந்தையாய் இருந்தபோது வெளிப்பட்ட நுண்ணலைப் பின்னணியில் இருந்தும், கலக்சிகள் பரந்து கிடக்கிற ஒழுங்கில் இருந்தும், தனித்தனியாக, அதே விடை வந்தது. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தில் 68 சதவீதம் கருஞ்சக்தி, 27 சதவீதம் கரும்பொருள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவருகிற பொருள். மீதி 5 சதவீதம்தான் அணுக்களால் ஆனது. நாம் தரம் 6 இல் இருந்து 13 வரை படிப்பிக்கிற மூலகங்கள், கலங்கள், கற்கள், கோள்கள் எல்லாம் அந்த ஐந்துக்குள் அடக்கம்.

பெயர் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் அதில்தான். தமிழ்நாட்டுக் காணொளிகளில் இது "கரும் ஆற்றல்", "இருண்ட ஆற்றல்". நம் பிள்ளைக்கு ஆற்றல் என்றால் திறமை. அவன் படித்தது சக்தி. ஆற்றல் என்று கேட்டதும் யூலில் அளக்கிற அந்தச் சக்திதான் இது என்று அவனுக்குப் படுவதில்லை. கலக்சி என்பதற்கும் பேரடை, விண்மீன் மண்டலம் என்று ஆளுக்கொரு சொல். சரி, கருஞ்சக்தி என்று நம் வழக்கில் சொன்னால், அதற்கும் ஒரு சிக்கல். ஒரு தாய் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "மிஸ், பிள்ளை ஏதோ கெட்ட சக்தி எண்டு கூகிள்ல தேடுறாள், பயமா இருக்கு" என்றார். பாவம், சூனியம் என்று நினைத்துவிட்டார். இந்தப் பெயரை 1998 இல் மைக்கல் டேர்னர் என்ற விஞ்ஞானி வைத்தபோது 'கரு' என்பதன் பொருள் 'இன்னதென்று அறியப்படாதது' என்பதுதான். அது கறுப்பு நிறம் இல்லை, ஒளியை விழுங்குவதும் இல்லை, ஒளி அதற்குள்ளால் தாராளமாகப் போய் வரும். சொல்லை மாற்றச் சொல்லவில்லை. சொல்லைத் தரும்போதே இந்த ஒரு வரியையும் சேர்த்துத் தந்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அது எவ்வளவு மெலிதானது என்பதையும் பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும். ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 5.3 × 10⁻¹⁰ யூல். உங்கள் வகுப்பறை 10 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்றால் 240 கன மீற்றர். பெருக்கினால் ஒரு யூலில் கோடியில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வருகிறது. இப்போது இரண்டரை மில்லிகிராம் நுளம்பு ஒன்று செக்கனுக்கு 30 சென்ரிமீற்றர் வேகத்தில் பறக்கிறது என்று வைத்து ½mv² போடச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அதே விடை. முழு வகுப்பறையிலும் நிறைந்திருக்கிற கருஞ்சக்தி ஒரே ஒரு நுளம்பு பறக்கிற சக்தி அளவுதான். என் வீட்டில் இந்தக் கணக்கு முடிந்தபோது உண்மையாகவே ஒரு நுளம்பு பலகைக்கு முன்னால் போனது, பதினான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அடிக்கவில்லை. பூமி முழுவதன் கனவளவுக்குள் இருக்கிற கருஞ்சக்தியைத் திணிவாக மாற்றினால் ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல், ஒரு அரிசி மணியின் பாதிக்கும் குறைவு. இவ்வளவு மெலிந்தது எப்படிப் பிரபஞ்சத்தையே தள்ளுகிறது? பொருள் அங்கங்கே திரண்டு கிடக்கிறது, நடுவில் பெரும் வெறுமை. இது வெறுமையிலும் இருக்கிறது. விரிய விரியப் பொருளின் அடர்த்தி குறைந்துகொண்டே போகும், இது குறையவே குறையாது அல்லது மிக மெதுவாகத்தான் மாறும். அதனால்தான் முதலில் பொருளின் கை ஓங்கியிருந்து, பிறகு இதன் கை ஓங்கியது.

குறையவே குறையாதா, மெதுவாக மாறுமா என்பதுதான் இன்றைய கேள்வி. குறையாது என்றால் அது 1917 இல் ஐன்ஸ்டீன் தன் சமன்பாட்டில் சேர்த்து, பிறகு விரிவு தெரிந்ததும் 1931 இல் கைவிட்ட அண்டவியல் மாறிலி. வெறும் வெளிக்கே உரிய சக்தி. அப்படியென்றால் குவாண்டம் கொள்கையை வைத்து அந்த வெற்றிடச் சக்தி எவ்வளவு என்று கணக்குப் போடலாம்தானே என்று போட்டால், வழக்கமான மதிப்பீடு அளந்த பெறுமதியைவிட 1 க்குப் பின்னால் 120 பூச்சியம் போட்ட மடங்கு பெரிதாக வருகிறது. ஒரு பையனைப் பலகையில் எழுதச் சொன்னேன், மூன்று வரி பிடித்தது. பௌதிகவியலில் இவ்வளவு பெரிய பொருத்தமின்மை வேறெங்கும் இல்லை என்று சொல்வார்கள், அந்த மூன்று வரியைப் பார்த்த பிள்ளைகளுக்கு அதை விளக்கத் தேவையிருக்கவில்லை.

மாறுகிறது என்றால் கதை வேறு. அரிசோனாவில் கிற் பீக் மலையில் ஒரு 4 மீற்றர் தொலைநோக்கியில் டெசி என்ற கருவி இருக்கிறது. 5,000 ஒளியிழைகள், ஒவ்வொன்றையும் ஒரு சிறு இயந்திரக் கை ஒவ்வொரு கலக்சிக்கு நேரே திருப்பிவிடும். 2024 ஏப்ரலில் முதல் முடிவும், 2025 மார்ச்சில் சுமார் ஒன்றரைக் கோடி கலக்சிகளையும் குவேசர்களையும் (மிகப் பிரகாசமான கலக்சி மையங்கள்) அளந்த இரண்டாம் முடிவும் வந்தன. மற்றத் தரவுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது கருஞ்சக்தி காலத்தோடு நலிந்து வருவதாகக் கொள்வது கூடப் பொருந்துகிறது என்றார்கள். எந்தச் சுப்பர்நோவாத் தரவைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது 2.8 முதல் 4.2 நியம விலகல். இந்த எண் கூடக்கூட, தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்புக் குறைவு. கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 வேண்டும். இதுதவிர ஹபிள் 500 என்று அளந்த அதே விரிவு வீதத்தை, அந்த நுண்ணலைப் பின்னணியாகிய ஆதி ஒளியில் இருந்து கணித்தால் 67, அண்மைச் சுப்பர்நோவாக்களில் இருந்து அளந்தால் 73 என்று இரண்டு பெறுமதி வருகிறது, இரண்டு பக்கமும் தங்கள் வழு சின்னது என்று நிற்கின்றன. 2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட் விண்தொலைநோக்கியும் சிலியில் உள்ள வேரா ரூபின் வானாய்வகமும் இப்போது தரவு சேர்க்கின்றன. நம்மிடம் இன்று தரம் 11 இல் இருக்கிற பிள்ளை பட்டம் முடிக்கிற நேரத்தில் இதற்கு விடை வந்துவிடக்கூடும், அந்த விடையில் அவளுடைய கையும் இருக்கக்கூடும். அவளைத்தான் நாம் இருங்கோ என்கிறோம்.

ஆகவே இதை முடிந்த பாடமாகச் சொல்லாதீர்கள் என்று ஒரு வேண்டுகோள். "கருஞ்சக்திதான் பிரபஞ்சத்தைத் தள்ளுகிறது" என்று வரைவிலக்கணம் போலக் கொப்பியில் எழுதிக் கொடுத்தால் பிள்ளை அதை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடும். வேகம் கூடுகிறது, இது அளந்தது. காரணம் என்ன, இது தேடிக்கொண்டிருப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டினாலே போதும்.

இன்னொன்றையும் மரியாதையோடு சொல்கிறேன். நம்மில் சிலர், பிள்ளைகளுக்குப் பெருமை வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில், பழைய பக்திப் பாடலில் அண்டங்கள் விரிந்தன என்று வருகிறதே, இதை நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று முடித்துவிடுகிறோம். அந்தப் பாடலை நானும் சின்ன வயதில் இருந்து பாடுகிறேன், அதன் முன் எனக்கும் மனம் உருகும். ஆனால் அதில் செக்கனுக்கு எத்தனை கிலோமீற்றர் என்று இல்லை, இருக்க வேண்டிய தேவையும் இல்லை, அது வேறு ஒன்றுக்காகப் பாடியது. அதை வைத்துக் கேள்வியை மூடும்போது பாடலையும் சிறுமைப்படுத்துகிறோம், சந்திரசேகர் கப்பலில் உட்கார்ந்து போட்ட கணக்கையும் மறைக்கிறோம். பெருமை வேண்டுமென்றால் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். பாடத்திட்டம் முடியாது, தவணைப் பரீட்சை கழுத்தில் நிற்கும், நாற்பது பேர் வகுப்பு. நான் கேட்பது ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம், அதுவும் தவணைப் பரீட்சை முடிந்து விடுமுறைக்கு முன் பிள்ளைகள் சும்மா இருக்கிற அந்த நாட்களில். லாஸ்டிக் இரண்டு மீற்றர், ஒரு பொத்தான், ஒரு அடிமட்டம். ஆய்வுகூடம் வேண்டாம், புரொஜெக்டர் வேண்டாம். அதற்கும் நேரமில்லை என்றால் கேள்வி கேட்ட பிள்ளையிடம் "நல்ல கேள்வி, நாளைக்குப் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள், பிறகு என்னிடம் அனுப்பிவிடுங்கள், காசு வேண்டாம்.

எனக்கும் உங்களிடம் ஒரு உதவி தேவைப்படுகிறது. போன கிழமை அவள் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றாள். "மிஸ், கருஞ்சக்தி நலிஞ்சு போகுதெண்டா, அந்தச் சக்தி எங்க போகுது? சக்தியை ஆக்கவும் ஏலாது அழிக்கவும் ஏலாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றாள். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கையில், வெளி என்பதே விரிந்துகொண்டிருக்கும்போது முழுப் பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தி மாறாது என்று பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல் சொல்லிவிட முடியாது, அந்த விதி ஒவ்வொரு சின்ன இடத்திலும் பொருந்தும், ஒட்டுமொத்தத்துக்கு அப்படியே பொருந்தாது என்று சொன்னேன். நீண்டுபோன அலைநீளமுள்ள ஒளியும் அப்படித்தான் சக்தியை இழக்கிறது என்றேன். தலையாட்டினாள், ஆனால் திருப்தி இல்லை என்று கண்ணில் தெரிந்தது, எனக்கும் அதற்கு மேல் தரம் 11 கணிதத்தில் கொண்டுபோக வழி வரவில்லை. உயர்தரப் பௌதிகவியல் படிப்பிப்பவர்கள் யாராவது ஒரு ஞாயிறு மாலை கொட்டாஞ்சேனைப் பக்கம் வர முடிந்தால் வாருங்கள். அவள் நாலரைக்கே வந்துவிடுவாள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை